பூங்காவின் கல் பாதையைப் பெயர்த்துச் சரிசெய்கிறோம்

வணக்கம். இந்தக் கல்லை மிதித்துக் காட்டுகிறேன், பாருங்கள். ஆடுகிறதா? அதோ அந்தக் கல் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்குக் கால் தடுக்குவது அங்கேதான்.

மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம் என்றேன். கல்லில் ஒரு கோளாறும் இல்லை. அடியில் இருந்த மணலை மழைத்தண்ணீர் அரித்துவிட்டது, கல் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பூசினாலும் அடியில் உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் சிமெண்ட் வெடிக்கும். அப்புறம் கல்லை எடுக்க நினைத்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எத்தனையோ பேர் நடந்து வழவழப்பான கல் இது, மனசு வருமா?

அதனால் முதலில் எல்லாக் கல்லுக்கும் சாக்பீஸால் எண் போட்டுப் படம் எடுத்தோம். பிறகுதான் கடப்பாரையால் நெம்பினோம். நெம்பும்போது அடியில் விரலை விடாதீர்கள், ஒரு கட்டையைச் சொருகுங்கள்.

இப்போது குழிக்குள் பாருங்கள், வேலையே இங்கேதான். இளகிய மண்ணை வழித்துவிட்டு ஜல்லியும் கிரஷர் தூளும், அதாவது கல் உடைக்கும்போது விழும் தூளும், கலந்து கொட்டுகிறோம். கூழாங்கல் உதவாது, உருண்டுகொண்டே இருக்கும். முனையுள்ள ஜல்லிதான் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். மொத்தம் 4 அங்குலம். ஒரேயடியாகக் கொட்டினால் மேல் பகுதி மட்டும்தான் இறுகும். 2 அங்குலம் கொட்டி, லேசாக நனைத்து, திமிசுக்கட்டையால், அதாவது தரையை இறுக்கும் கனமான கட்டையால், இடித்து, பிறகு அடுத்த 2 அங்குலம். கை வலிக்கும், ஆனால் இதில் அவசரப்பட்டால் அடுத்த மழையிலேயே தெரிந்துவிடும்.

வாட்டமும் முக்கியம், தண்ணீர் வடிந்து ஓட வேண்டுமே. மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் புல்வெளிப் பக்கம் சரிவு வைத்து நூல் கட்டியிருக்கிறேன். இடித்த ஜல்லியின் மேல் 1 அங்குலம் பருமணல். கல்லின் தடிமன் ஒன்றுபோல இருக்காது. தடித்த கல்லுக்கு மணலைக் கொஞ்சம் வழித்துக்கொள்ள வேண்டும். நூலுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்க வேண்டும்.

அந்த எழும்பிய கல்லுக்கு அடியில் மரத்தின் வேர் இருக்கிறது, கை பருமன். அதை வெட்டப் போவதில்லை. அவ்வளவு பெரிய வேரை இழந்தால் மரம் நலியும், காற்றில் சாயவும் கூடும். பாதையைத்தான் அங்கே மெல்ல உயர்த்தப் போகிறோம்.

சரி, 14-ஆம் எண் கல்லை வைக்கிறேன். மிதித்துப் பார்க்கிறேன்... ஆடவில்லை! நாளைக்கு இடுக்குகளில் மணலைப் பெருக்கித் தள்ளுவோம்.