இடையிசையைக் காணோம்

(எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மைக் கரகரத்த இரண்டு இடங்களை மட்டும் விட்டிருக்கிறேன்.)

தலைவர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இன்றைய பாட்டு, டிவி, விளையாட்டு'. மூன்றையும் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னதோடு, ஏழரைக்கு மேட்ச் இருக்கிறது என்று காதிலும் போட்டுவிட்டுத்தான் போனார். இதில் நான் நிபுணன் எல்லாம் இல்லை. சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்து பார்ப்பவன், வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

பாட்டில் ஆரம்பிக்கிறேன். போன வாரம் என் மகள் சமையலறையில் புதுப்பாட்டு ஒன்று போட்டாள். பல்லவி வந்தது, ஒரு சரணம் வந்தது, நின்றுவிட்டது. "இன்னொரு சரணம் எங்கம்மா?" என்றேன். "அவ்வளவுதான்ப்பா பாட்டே" என்றாள். நமக்குப் பழகியது என்ன? பல்லவி முடிந்ததும் ஓர் இடையிசை, ஒரு சரணம், மறுபடி பல்லவியின் முதல் வரி, அப்புறம் முதலாவதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் இடையிசை. டீக்கடையில் அந்த இரண்டாவது இடையிசைக்காகவே காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும், கை தூக்க வேண்டாம்.

உடனே 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று ஒப்பாரி வைக்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பாட்டையும் ஒரு கருவிதான் அளந்து வெட்டியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம். கச்சேரியில் அரை மணி நேரம் ராகம் பாடுகிற வித்வானும் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தைக் காட்டிக் கீர்த்தனையை முடித்தாக வேண்டும். முடித்தார்கள், இன்றைக்கும் கேட்கிறோம். ஆகவே நீளம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. இப்போது கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் பாட்டு ஒரு தடவை ஓடியதாகச் சேரும். நானே இசையமைப்பாளராக இருந்தாலும் அதற்குள் ஆளைப் பிடித்துப்போடத்தான் பார்ப்பேன். ரீல்ஸுக்குக் கழற்றி எடுக்க ஒரு துண்டும் வேண்டும். அதனால் இழுக்கிற வரி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் பாடாமல் வாத்தியம் மட்டும் நடந்துபோகிற இடம் முதலில் அடிபடுகிறது. மற்றபடி ஓசை பிரமாதம். ஹெட்ஃபோனில் கேட்டால் பேஸ் வந்து நெஞ்சில் உட்காருகிறது.

டிவிக்கு வருகிறேன், சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு பாட்டுப் போட்டி, பெயர் வேண்டாம். ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்துப் பாடுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகிற நேரம் பார்த்து நடுவர் கண்ணைத் துடைப்பதைக் காட்டுகிறார்கள், அடுத்து அம்மா கும்பிடுவதை, பிறகு இன்னொரு போட்டியாளர் வாயைப் பிளப்பதை. பாட்டு இரண்டரை நிமிடம், அதற்கான பாராட்டு ஒன்பது நிமிடம். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. பாட்டு நன்றாக இருந்ததா என்று நான் முடிவு செய்வதற்குள் நான் அழ வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

கிரிக்கெட்டும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஐபிஎல்லில் விக்கெட் விழுகிறது, அவுட்டானவர் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நடப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி, அங்கே சிமெண்ட் விளம்பரம். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற ஸ்ட்ராடஜிக் டைம் அவுட் இரண்டரை நிமிடம், அது யாருடைய வியூகம் என்பது உங்களுக்கே தெரியும். ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை எடுத்துவிட்டு இன்னோர் ஆளை இறக்கலாம் என்று 2023-இல் கொண்டுவந்த இம்பாக்ட் பிளேயர் விதியும் எனக்குப் பிடிக்கவில்லை. பந்தும் போட்டு மட்டையும் பிடிக்கிற ஆளின் மவுசு குறைகிறது. எந்த நேரமும் சிக்ஸர் அடிக்க ஓர் ஆள் கையிருப்பில் வேண்டும் என்கிறார்கள். 1999-இல் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, சச்சின் 136 அடித்தும். அன்றைக்குக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. நான்கு நாள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தின் பாடையும் பார்த்தவர்களுக்கு வருகிற கை தட்டல் அது.

இப்போதைய ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் இப்படியெல்லாம் செய்கிறோம் என்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். 2024 டிசம்பர் 12, எனக்குக் காய்ச்சல், லீவு. மத்தியானம் இரண்டரைக்கு சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக நம்ம சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் 14-ஆவது, கடைசி ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஆறரை புள்ளி. முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். திரையில் என்ன நடக்கிறது? இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கன்னத்தில் கை வைக்கிறார். கால் மணி கழித்து ஒரு சிப்பாய் நகர்கிறது. முதலில் நான் மட்டும்தான். நாலு மணிக்கு என் மனைவி பூண்டு உரிக்கிற தட்டோடு வந்து உட்கார்ந்தாள், கல்லூரி விட்டு மகள் வந்தாள், அப்புறம் சாவி கேட்க வந்த மாடி வீட்டுப் பையன். குதிரை எப்படிப் போகும் என்பதைத் தவிர எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

யானை ஒன்று, மந்திரி ஒன்று இரண்டு பக்கமும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராதான், நாளைக்கு டை பிரேக் என்று வர்ணனையாளர்களே மூட்டை கட்டிவிட்டார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை இரண்டாம் வரிசைக்கு இறக்கினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குகேஷின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது: கண் விரிகிறது, தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடிக்கிறார், மறுபடி பலகையைப் பார்க்கிறார். யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி வெட்டுப்பட்டால் மிச்சம் வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் அந்தக் கூடுதல் சிப்பாய் போதும். அந்தச் சில வினாடிகளில் பின்னணி இசை இல்லை, யாரும் அழ வேண்டிய இடம் இது என்று காட்டவில்லை. என் மனைவி உரித்த பூண்டைத் தோலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துபோன பிறகு, 18 வயதில் உலக சாம்பியனான அந்தத் தம்பி அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய கட்டங்களில் அடுக்கினார். நாங்கள் நாலு பேரும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தோம், ரிமோட் தரையில் கிடந்தது.

சரி, அண்ணன் மணியைக் காட்டுகிறார். டாஸ் போட்டுவிட்டார்களாம்.