சந்திரா படத்துல சோர்ஸ் நடுவுல ஓட்டை ஏன்? பைல்-அப் பார்ப்போம்

வணக்கம் மக்களே! ஸ்க்ரீன்ல இருக்கிறது நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேரைத் தாங்கி 1999 ஜூலையில மேல போன சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியோட டேட்டா. டிஎஸ்9-ங்கிற படம் பார்க்கிற மென்பொருள்ல லாக் ஸ்கேல் வச்சிருக்கேன். இந்த சோர்ஸை, அதாவது எக்ஸ்ரே விடுற பொருளைப் பாருங்க, சுத்தி பளிச்னு வளையம், நடுவுல இருட்டு. வானத்துல அப்படி ஒரு ஓட்டை கிடையாது. கருவிக்குள்ள நடக்கிற பைல்-அப் இது.

சந்திராவுல இரிடியம் பூசின 4 ஜோடிக் கண்ணாடி. எக்ஸ்ரே அதுல சாய்வா உரசிட்டுப் போய், 10 மீட்டர் தள்ளி இருக்கிற ஏசிஸ்ங்கிற கேமராவோட சிசிடி சிப்புல குவியும். ஒரு பிக்சல் சுமார் அரை ஆர்க்செகண்ட். வர்ற போட்டான்ல (ஒளித்துகள்) பெரும்பாலும் சில பிக்சல்லயே விழுந்துடும். சிசிடியோ வழக்கமா 3.2 நொடிக்கு ஒருதடவைதான் ஃப்ரேமைப் படிக்கும். அதுக்குள்ள ஒரே 3×3 பிக்சல் கட்டத்துல 2 போட்டான் வந்துட்டா, கருவி அதை ஒண்ணாத்தான் எண்ணும். ஆற்றல்ல 1.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டும் 2-ம் சேர்ந்து 3.5-னு பதிவாகும். இன்னும் நெருக்கினா, சார்ஜ் பரவுற வடிவம் காஸ்மிக் கதிர் மாதிரி ஆகிடும், கிரேடு (அந்த வடிவத்துக்குக் கொடுக்கிற வகை எண்) சரியில்லைன்னு மொத்தமா கழிச்சு விட்டுடும். ஓட்டை விழுறது அதனாலதான்.

எனக்குப் பயம் ஓட்டை தெரியாத லேசான பைல்-அப்தான். சோர்ஸ் மங்கலாவும், ஸ்பெக்ட்ரம் ஹார்டாவும் (அதிக ஆற்றல் பக்கம் சாய்ஞ்சும்) வரும். அதுக்கு நாம போடுற மாடல் ஃபிட்டும் அழகா உட்காரும். அதனால சந்திரா டேட்டாவுக்கான சியாவ் மென்பொருள்ல, டேட்டாவை மறுபடி பதப்படுத்துற சந்திரா ரீப்ரோ ஓட்டினதும், பிக்சலைச் சேர்க்காம ஒரு இமேஜ் எடுத்து பைல்-அப் மேப் (எங்க எவ்வளவு பைல்-அப்னு காட்டுற படம்) போட்டுடுங்க. ஒரு ஃப்ரேமுக்கு 0.2 கவுண்ட்னு காட்டினாலே ஏறக்குறைய 10 சதவீதம் பைல்-அப்.

நடுவை விட்டுட்டு வளையத்தை மட்டும் எடுக்கலாம். ஆனா ஆற்றல் கூடக்கூட போட்டான் அகலமா சிதறும், அதனால ஏஆர்எஃப்-ஐ (ஒவ்வொரு ஆற்றல்லயும் கருவி எவ்வளவு பிடிக்கும்னு சொல்ற ஃபைல்) சியாவோட ஆர்ஃப்கார் கருவி வச்சு கண்டிப்பா திருத்தணும். ரொம்பப் பிரகாசமான சோர்ஸ்னா, படத்துல குறுக்கே ஓடுற இந்த மெல்லிய கோட்டைப் பாருங்க. ஃப்ரேமைப் படிக்கிறதுக்காக சிப்புல நகர்த்துற 41 மில்லிநொடியில விழுந்த போட்டான்கள் இது. ஒவ்வொரு வரிசையிலயும் தங்குற நேரம் ரொம்பக் கம்மி, அதனால பைல்-அப் அனேகமா இருக்காது. ஸ்பெக்ட்ரத்தை இங்கிருந்தே எடுக்கலாம், எக்ஸ்போஷரை மட்டும் இந்த நேரத்துக்குத் தகுந்தபடி மாத்தணும்.

சந்திராவுல புதுசா நேரம் கேட்டு எழுதுறவங்க ஒரே சிப், 1/8 சப்அரே (சிப்புல எட்டுல ஒரு பங்கை மட்டும் படிக்கிறது)ன்னு கேளுங்க. ஃப்ரேம் நேரம் 0.4 நொடியா குறையும்.