கட்டாயத் தாலியை எப்படிக் காதல் என்பது?

நடுவர் ஐயா, எதிரணியில் இருக்கும் அக்காமாரே, தம்பிமாரே, இந்தப் புழுக்கத்திலும் எழும்பிப் போகாமல் வாசிகசாலை முற்றத்தில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இன்றைய காதல் நாவல்களில் விஞ்சி நிற்பது பலமா, பலவீனமா?" என்பது தலைப்பு. பலவீனமே என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் எதிரணித் தலைவி அக்கா சொன்னதில் பாதியை முதலே ஏற்றுக்கொள்கிறேன். இந்த நாவல்களில் மிகப் பலவற்றைப் பெண்கள்தான் எழுதுகிறார்கள், பெண்கள்தான் வாசிக்கிறார்கள். சமையலை முடித்து, பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பிவிட்டு, கையில் இருக்கிற போனில் ஓர் அத்தியாயம் எழுதிப் போட்டால் இரவுக்குள் வாசித்து முடித்து அடுத்தது எப்போ என்று கேட்க ஆள் இருக்கிறது, பதிப்பாளர் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. பேச்சு உயிரோடு இருக்கிறது. இருவரும் சேரத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும் கடைசி வரை வாசிக்க வைப்பது சின்ன வேலை இல்லை. சுபமாக முடிவதையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன்; இவ்வளவு இழப்பைக் கண்ட ஊரில் ஒரு பெண் நாளுக்கு அரை மணித்தியாலம் நல்ல முடிவு ஒன்றை வாசிக்க ஆசைப்பட்டால் அதைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

சரி, அந்தச் சுபத்துக்கு எந்த வழியால் போகிறார்கள்? அங்கேதான் என் வழக்கு.

வழமையான கதை ஒன்றைச் சொல்கிறேன். நாயகன் பெரிய தொழிலதிபர், உயரம், கோபக்காரன். நாயகியின் அண்ணனோ தகப்பனோ தன் குடும்பத்துக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைக்கிறான். பழிவாங்குவதற்காக அவள் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டுகிறான். பூட்டி வைக்கிறான், அறைகிறான், சில கதைகளில் அதற்கும் மேலே போகிறான். அன்று இரவே அவள் அவனுடைய தூங்குகிற முகத்தைப் பார்த்து, குழந்தை மாதிரி இருக்கிறானே என்று நினைக்கிறாள். கடைசியில் அவள் குற்றமற்றவள் என்று அவனுக்குத் தெரியவருகிறது, ஒரு பந்தியில் மன்னிப்புக் கேட்கிறான், அவள் அழுதபடி அவன் மார்பில் சாய்கிறாள், அடுத்த அத்தியாயம் வளைகாப்பு.

அந்த மன்னிப்புப் பந்தியைத் தயவுசெய்து ஒருக்கால் நின்று வாசியுங்கள். அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் பக்கம் பக்கமாகக் காரணம் இருக்கும்: சின்ன வயதில் தாய் விட்டுப் போனாள், நம்பிய நண்பன் ஏமாற்றினான். அத்தனை அத்தியாயம் வதைபட்டவளுக்கு இருப்பது அந்த ஒரு சாய்தல் மட்டும்தான். அவள் யோசிக்க நேரம் கேட்டாளா? தன் தாய் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாளா? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி இருந்ததா? காதல் கதை என்றால் 'ஓம், சம்மதம்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிற கதை. வேண்டாம் என்று சொல்லவே முடியாதவளிடம் வாங்குகிற ஓமுக்கு என்ன பெறுமதி?

"அது வெறும் கற்பனைதானே, வாசித்துவிட்டு யாரும் அப்படியா வாழப்போகிறார்கள்?" என்று எதிரணித் தம்பி கேட்டார், கைதட்டலும் வாங்கினார். தம்பி, எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையை 1995இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி, நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதிகளாக இருந்தால் மட்டும்தான் கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவது வல்லுறவுக் குற்றம். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கேட்க ஒரு தனிச் சட்டம் 2005இல்தான் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, தாலி கட்டிவிட்டான்தானே, அவனுக்கு உரிமை இருக்கிறதுதானே என்று நாயகியையே நினைக்க வைக்கிற நாவலைக் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியாது.

இதைவிட எனக்கு வலிக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. 1914இல், நூறு வருசத்துக்கும் முதல், எங்கள் யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா அம்மையார் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். கணவனால் துன்பப்படுகிற மனைவியின் கதை. பொறுமையைப் போதிக்கிற நாவல்தான், அதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. என்றாலும் கொடுமையை அவர் கொடுமை என்றே எழுதினார். அதே கொடுமைக்கு இன்று பொசசிவ் என்று பெயர் வைத்து, அதைப் பார்த்து நாயகி வெட்கப்படுகிறாள் என்றும் எழுதுகிறோம்.

அடுத்தது இடம். இங்கே எங்கள் பிள்ளைகள் எழுதுகிற நாவலிலும் நாயகன் சென்னையில்தான் கார் ஓடுகிறான், நாயகியும் சென்னைப் பேச்சுத்தான் பேசுகிறாள். இதை நான் நீட்டவில்லை. ஆனால் எவ்வளவு கதை கையை விட்டுப் போகிறது என்று மட்டும் பாருங்கள். அந்த நாவல்களில் பெண் எப்போதும் அவனுடைய மாளிகைக்குள் வலது காலை வைத்துப் போகிறாள். யாழ்ப்பாணத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது, பல குடும்பங்களில் மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து சேருகிறார். வீடு அவளுடைய பெயரில். ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தகப்பனின் சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டு, வீட்டு உறுதிப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவீர்களா என்று அவள் கேட்கிற இரவை யோசித்துப் பாருங்கள். அவனுக்கு அவளில் அன்பு இருக்கிறதா இல்லையா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். தாலியை இழுத்துக் கட்டவும் வேண்டாம், கன்னத்தில் அறையவும் வேண்டாம். ஸ்பொன்சர் விசா அலுவல் முடியும் வரை கனடாவில் இருப்பவனோடு போனிலேயே காதலித்து, போனிலேயே சண்டை பிடித்து, இவன் எனக்குச் சரிவருவானா என்று தனியே இருந்து யோசிக்கிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்களுடைய காதல் ஏன் நாவலாகவில்லை?

எழுத ஏலாது என்று சொல்ல வேண்டாம். தண்ணிமுறிப்புக் காட்டுக் கிராமத்தை வைத்து அ. பாலமனோகரன் 'நிலக்கிளி' நாவலை எழுதியது 1973இல். அந்தக் காதலையும் தாம்பத்தியத்தையும் அந்தக் காட்டிலிருந்து பிரித்து எடுக்கவே முடியாது.

நடுவர் ஐயா மணி அடிக்கப் போகிறார். அடுத்துப் பேச வரும் தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பலவந்தமாகக் கட்டிய தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு உங்களைப் பிடிக்குமா இல்லையா என்று நானே யோசிச்சுச் சொல்றன், அதுவரைக்கும் வராதேங்கோ" என்று நாயகி சொல்ல, அவனும் சரி என்று போய்க் காத்திருக்கிற நாவல் ஒன்றின் பெயரை மேடையில் சொல்லுங்கள், தங்கச்சி. சொன்னால் அதை இன்றைக்கு இரவே வாசிக்கிறேன்.