போன்ல வைரஸ் தானா வருமா?

வணக்கம் மக்களே, பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பக்கத்து வீட்ல போர் போடுறாங்க.

ஃபேமிலி குரூப்ல ஒரு மெசேஜ் பல வருஷமா சுத்துது, மார்ட்டினெல்லின்னு ஒரு வீடியோ வரும், தொட்டா போன் காலி, எல்லாருக்கும் சொல்லுங்கன்னு. அப்படி ஒரு வீடியோவே கிடையாதுங்க, சுத்தப் புரளி. குட் மார்னிங் படம் பார்த்தா வைரஸ் வரும்ங்கிறதும் இதே கதைதான். அதுக்காக எதையும் தொடாமலே போன் மாட்டவே மாட்டாதுன்னு நான் சொல்லல. 2019ல பெகாசஸ்ங்கிற உளவு சாஃப்ட்வேர் வாட்ஸ்அப் கால் வழியா உள்ள போச்சு, காலை எடுக்கலைன்னாக்கூட போச்சு. ஆனா அது ரொம்ப காசு செலவாகுற வேலை, குறிவச்சது பத்திரிகைக்காரங்க, ஆக்டிவிஸ்ட்டுங்க மாதிரி ஆளுங்களை. நம்மள மாதிரி இஎம்ஐ கட்டுறவனுக்கு எவன் அவ்ளோ செலவு பண்ணுவான்? போன் அப்டேட்டைத் தள்ளிப்போடாம போட்டுருங்க, அது போதும்.

அப்புறம் பிரவுசர்ல "உங்க போன்ல 13 வைரஸ்"னு சிவப்பா வந்து வைப்ரேட் ஆகும்ல, அது விளம்பரம். ஒரு வெப்சைட்டால உங்க போனை ஸ்கேன் பண்ணவே முடியாது. அந்த டேபை மூடிட்டுப் போய்ட்டே இருங்க.

இப்ப நிஜமா நடக்குறதுக்கு வரேன். வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வருது, இல்ல ஆர்டிஓ சலான்னு வருது. பேரோட கடைசில பாருங்க, டாட் ஏபிகேன்னு இருக்கும், அதாவது ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பை இன்ஸ்டால் பண்ற ஃபைல். பத்திரிகைன்னா போட்டோவா வரும், பிடிஎஃப்பா வரும், ஏபிகேவா எதுக்குய்யா வரணும்? தொட்டா போனே தடுக்கும், தெரியாத ஆப், போடணுமான்னு கேட்கும். நாம 'அலோ' பட்டனைத் தட்டிடுவோம். அடுத்து எஸ்எம்எஸ் படிக்கவான்னு கேட்கும், அலோ. அப்புறம் அக்சஸிபிலிட்டியை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வச்சிருக்கிற செட்டிங்கை, ஆன் பண்ணச் சொல்லும், அதுக்கும் அலோ குடுத்தா ஸ்கிரீன்ல நீங்க பாக்குறதெல்லாம் அந்தத் திருடனும் பாக்கலாம். அதுக்கப்புறம் ஐகான் மாயமாயிடும், பேங்க் ஓடிபி உங்களுக்கு வர்றப்பவே அவனுக்கும் போயிடும்.

சிரிப்பு என்னன்னா, 2004ல நோக்கியா காலத்துல காபிர்னு ஒண்ணு வந்துச்சு, ப்ளூடூத்ல பரவுன முதல் போன் வைரஸ், அதுவும் "போடவா?"ன்னு கேட்டுட்டுதான் உள்ள வந்துச்சு. நோ குடுத்தா திரும்பத் திரும்பக் கேட்கும், கடுப்புல யெஸ் குடுத்தவங்கதான் மாட்டுனாங்க. இருபது வருஷம் கழிச்சும் அதே பட்டன்தான்!

சரி, ஏற்கனவே போட்டாச்சுன்னா? முதல்ல ஃப்ளைட் மோட், வைஃபையும் ஆஃப். வேற போன்ல இருந்து பேங்குக்கு அடிச்சு கார்டு, நெட் பேங்கிங் ரெண்டையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க, காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல ஆப் லிஸ்ட்டைப் பாருங்க, ஐகான் இல்லாட்டியும் பேரு அங்க இருக்கும். அன்இன்ஸ்டால் மங்கலா இருந்தா அது டிவைஸ் அட்மினா, அதாவது போனையே கட்டுப்படுத்துற அனுமதியோட, உக்காந்திருக்குன்னு அர்த்தம், முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க, இல்ல நாம போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோட்ல போய்த் தூக்குங்க. அதுக்கும் அசையலைன்னா போட்டோவை எடுத்து வச்சிட்டு ஃபேக்டரி ரீசெட்தான்.

அப்படியே அந்தப் பத்திரிகையை அனுப்புன ஆளுக்கும் ஒரு போன் போடுங்க, மெசேஜ் வேண்டாம். அவர் போனும் மாட்டியிருக்கும், அவருக்கே தெரியாம அடுத்த குரூப்புக்குப் போய்ட்டு இருக்கும்.