ஜோப்ரா கிராமத்துக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வங்கதேசப் பொருளாதார அறிஞர் முகமது யூனுஸ் என்றதும் 2006-இல் அவரும், ஏழைகளுக்குச் சிறுகடன் தர அவர் தொடங்கிய கிராமீன் வங்கியும் பகிர்ந்துகொண்ட அமைதிக்கான நோபல் பரிசு பலருக்கு நினைவுக்கு வரும். 2024-இல் வங்கதேச இடைக்கால அரசின் தலைமை ஆலோசகரானதும் வரும். ஆனால் அவருடைய பெரிய சாதனை, ஈடாக எந்தச் சொத்தும் வாங்காமல் கொடுத்த கடன் திரும்பி வர அவர் வகுத்த முறைதான் என்பேன்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், 1972-இல் தாயகம் திரும்பி சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறைத் தலைவரானார். 1974-இல் பஞ்சம். பாடத்தில் இருந்த பொருளாதாரம் வெளியே செல்லுபடியாகவில்லை. பக்கத்து ஊரான ஜோப்ராவுக்குப் போனார். அங்கே மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண், வியாபாரி ஒருவரிடம் 5 டாகா (வங்கதேச நாணயம்) கடன் வாங்கி மூங்கில் வாங்குவார். முக்காலியை அதே வியாபாரிக்கு, அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டும். கையில் மிஞ்சுவது 50 பைசா. 1976-இல் இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் தேவையைக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 856 டாகா! தன் பணத்தையே கொடுத்தார். பிறகு வங்கியை அணுகினார், ஈடு கேட்டார்கள். தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இப்படித் தொடங்கிய கிராமீன் கடன் திட்டம் 1983-இல் தனி வங்கியானது.

ஈட்டுக்குப் பதில் ஐந்து பேர் குழு. முதலில் இருவருக்குக் கடன், அவர்கள் தவணையை ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, குழுத்தலைவிக்குக் கடைசியில். 1000 டாகா கடன் என்றால் வாரம் 20 டாகா, 50 வாரத்தில் அசல் அடைபடும். வட்டி 20 சதவீதம், ஆனால் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும். ஆகவே ஆண்டு வட்டி ஏறத்தாழ 100 டாகாதான். தவணை சிறியது என்பதால் அன்றாட வருமானத்திலிருந்தே கட்டிவிடலாம். 100 டாகா பங்கு வாங்கி, கடன் பெற்றவர்களே வங்கிக்கு உரிமையாளராகவும் ஆனார்கள்.

இந்தக் கட்டுப்பாடே பிறகு இடறியது. 1998 பெருவெள்ளத்தில் வீடும் மாடும் பயிரும் போயின. வாரத் தவணை மட்டும் அப்படியே நின்றது. பலரால் கட்ட முடியவில்லை. கடனில் 5 சதவீதம் பிடித்துவைத்த குழு நிதியை நினைத்தபோது எடுக்க முடியாததும் ஏற்கெனவே மனக்குறையாக இருந்தது. 2002-க்குள் முறையையே மாற்றினார்கள்: முடியாதவர் தவணையைச் சிறிதாக்கி, காலத்தை நீட்டிக்கொள்ளலாம், குழு நிதிக்குப் பதில் அவரவர் பெயரில் சேமிப்பு. தவறியவரைத் தள்ளிவைக்காமல் திட்டத்தைத் திருத்தியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

அடுத்து யூனுஸ் முன்வைத்தது சமூகத் தொழில். முதலீட்டாளர் போட்ட முதலைத் திரும்ப எடுக்கலாம். லாபத்தில் பங்கு கிடையாது. 2006-இல் பிரான்சின் டானோன் உணவு நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், வங்கதேசத்தின் போக்ரா நகரில் சத்தூட்டிய தயிர் தயாரானது. 80 கிராம் கோப்பை 5 டாகா. பால் விலை ஏறியதும் 8 டாகா ஆக்கினார்கள்; கிராமத்து விற்பனை சரிந்தது. பிறகு கோப்பையை 60 கிராமாகக் குறைத்து 6 டாகாவுக்கு விற்றார்கள். டாக்கா நகரக் கடைகளில் கூடுதல் விலை வைத்தார்கள். கிராமத்துத் தாய் எட்டக்கூடிய விலையைக் காப்பாற்ற நகர வாடிக்கையாளரும் தேவைப்பட்டார்.