ஒரே திராட்சை, ஒரே ஆண்டு: பரோலோ ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

அடுத்த கேள்வி: "இத்தாலியின் பரோலோ ஒயின், ஒரே ஆண்டுடையது, இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று மென்மையாக இருந்தது, மற்றது வாயையே இறுக்கிப் பிடித்தது. இரண்டுமே வெளிறிய நிறம். ஏதாவது கலப்படமா?"

கலப்படம் என்று சந்தேகப்படத் தேவையில்லை. முதலில் நிறத்தைப் பார்ப்போம். பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்வது. அதன் இயல்பே வெளிர் சிவப்புதான். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துப் பாருங்கள், வயதான ஒயினாக இருந்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். தண்ணீர் கலந்ததோ என்று தோன்றும். ஒரு வாய் குடித்தால் கடுக்காயைக் கடித்தது போல ஈறு வரை துவர்ப்பு ஏறும்.

சரி, இரண்டும் ஏன் வேறு வேறாக இருந்தன? பெரும்பாலும் மண்தான் காரணம். வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகளில் 11 ஊர்களில்தான் பரோலோ விளைகிறது. மேற்கே லா மோரா பக்கம் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அங்கே விளைந்த ஒயினில் ரோஜா வாசனை தூக்கலாக இருக்கும், சீக்கிரம் குடிக்கவும் பக்குவமாகிவிடும். கிழக்கே செர்ராலுங்காவின் மண் அதைவிடப் பழையது, மணற்கல் கலந்து இறுகியது. அந்த ஒயினில் தார் வாசனையும் கடுந்துவர்ப்பும் முன்னால் நிற்கும். 10 ஆண்டாவது காத்திருந்தால்தான் இளகும். உங்கள் வாயை இறுக்கியது அந்தப் பக்கத்து ஒயினாக இருக்கலாம், லேபிளில் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் சரிவு. நெபியோலோ அக்டோபர் வரை பழுக்கும் திராட்சை. வெயில் போதாவிட்டால் துவர்ப்பு பச்சையாகவே நின்றுவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் பனி முதலில் உருகும் தெற்கு நோக்கிய சரிவுகளுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. கன்னூபி என்ற குன்றின் பெயரோடு 1752ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்று இன்றும் இருக்கிறது. இடத்தின் பெயரைச் சொல்லி ஒயினை அடையாளம் காட்டுவது அவ்வளவு பழைய வழக்கம்! 2010இல் இப்படி 181 பெயர்களைச் சட்டப்படியே வரையறுத்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிய சிறு ஓக் பீப்பாயில் வைத்தால் வனிலா வாசனை ஏறி, மண்ணின் குணத்தை மறைத்துவிடும். எனக்குப் பெரிய பழைய பீப்பாயில் வளர்ந்த பரோலோதான் பிடிக்கும். ஆகவே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு தோட்டத்து ஒயின்களை, ஒரே ஆண்டு விளைச்சலில் எடுங்கள்.