எனக்கு ஒன்றுமில்லை

வணக்கம்.

பத்து நிமிடத்தில் ஒரு கணவாயைக் கடந்து காட்டுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். நான் நடக்கும் வேகம் அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பார்ப்போம்.

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி வரும் நடைபாதையில் தொராங் லா இருக்கிறது. உயரம் 5,416 மீட்டர். திபெத்திய மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். அதனால் 'தொராங் லா கணவாய்' என்று சொல்லாமல் நாக்கைக் கட்டுப்படுத்திக்கொள்கிறேன். அதைத் தாண்டி மேற்கே இறங்கினால் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் திவ்ய தேசம். கோயிலுக்கு மட்டும் போக வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஜீப்பிலேயே போகலாம். நான் பேசப்போவது கிழக்கே மனாங் என்ற ஊரிலிருந்து நடந்து ஏறுகிற வழியைப் பற்றி.

மேலே ஆக்சிஜன் குறைவு என்கிறோம். உண்மையில் அங்கேயும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன்தான். காற்றுதான் நெகிழ்ந்துவிடுகிறது. பத்து மெத்தைகளை அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது நசுங்கி இறுகிக் கிடக்கும். மேலே இருப்பது உப்பி நிற்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடிமெத்தைக்காரர்கள். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பாதி. ஒரு மூச்சு இழுத்தால் அரை மூச்சுக்கான சரக்குதான் உள்ளே வரும். மலைச்சாலையில் பஸ் ஏற ஏற, பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான். கணவாய் உச்சியில் தண்ணீர் சுமார் 82 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பருப்பு மட்டும் வேகாது.

இனி என் கதை. இதைக் கேட்டுக் கேட்டு என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். உங்களுக்குப் புதிதல்லவா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன். மனாங் 3,540 மீட்டர். அங்கே ஒரு நாள் தங்கி, பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு இரவில் திரும்பி வந்து படுக்க வேண்டும் என்பது எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். மலை மீட்பு அமைப்பு ஒன்றின் சிகிச்சை நிலையமும் அங்கே உண்டு. உயரத்தால் வரும் நோயைப் பற்றி மருத்துவர்கள் பிற்பகலில் இலவசமாக உரை நிகழ்த்துவார்கள். நான் போகவில்லை. அந்த உரையைக் கேட்காதவன்தான் இன்று உங்களுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். நேபாளியில் அண்ணனை அழைக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் 'தாய்' என்றே வரும். ஆகவே அவர் எனக்குத் தாய். வழியில் யாக் கர்க்காவில் ஓர் இரவு தங்கலாம் என்றார். எதற்கு, எனக்கு ஒன்றுமில்லை என்றேன். ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறி, கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் தொராங் பேடிக்குப் போனோம். எனக்குப் பின்னால் மெதுவாக, ஆடி அசைந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதியை மூன்று முறை முந்தினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவு நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி முறுக்கியது போல வலி. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். மூச்சு அப்படி விட்டு விட்டு வருவது அந்த உயரத்தில் பலருக்கும் நேர்வதுதான். தலைவலியும் குமட்டலும் சேர்ந்தது அப்படியல்ல. காலையில் தாய் கேட்டார், "தூங்கினீர்களா?" நன்றாகத் தூங்கினேன் என்றேன். சாப்பிட்டேனா என்றார். சாப்பிட்டேன் என்றேன். இரண்டும் பொய். அந்தப் பொய்களோடு இன்னும் முந்நூறு, நானூறு மீட்டர் ஏறி மேல்முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் அதிகாலை நான்கு மணி. காற்று எழுமுன் உச்சியைத் தாண்ட எல்லோரும் புறப்படுகிறார்கள். நான் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். தாய் ஒன்றும் சொல்லவில்லை. தரைப் பலகையின் கோட்டைக் காட்டி, முன்காலின் விரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து, அதன் மேலேயே நடந்து வரச் சொன்னார். சிறுபிள்ளை விளையாட்டு. மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் பையைத் தன் பையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டார். இருட்டில், விளக்கு வெளிச்சத்தில். எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள் என்று பாதி வழி கத்திக்கொண்டே போனேனாம். எனக்கு நினைவில்லை. யாக் கர்க்கா வந்தபோது பசித்தது. பசித்தது என்றதும் அவர் சிரித்தார். அதுவரை அவர் சிரிக்கவே இல்லை.

கோட்டில் நடக்க முடியாமல் போவது மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் கீழே இறங்குவது. உடனே, நள்ளிரவானாலும். விடியட்டும் என்று காத்திருந்தவர்கள் செத்திருக்கிறார்கள்.

ஓட்டக்காரனான எனக்கு ஏன் வந்தது? உடல்வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலுவுள்ளவன் வேகமாக ஏறுகிறான், ஆகவே முதலில் விழுகிறான். 1976இல் ஹேக்கெட், ரென்னி என்ற இரு மருத்துவர்கள் எவரெஸ்ட் வழியில் 4,243 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிச்சேயில் 278 நடைப்பயணிகளை ஆராய்ந்து எழுதினார்கள். பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு உயரநோய் இருந்தது. நடந்தே வந்தவர்களைவிட விமானத்தில் வந்து இறங்கி ஏறியவர்களுக்கு அதிகம். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. வசதிதான், ஆனால் அந்த ஜீப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதுதான் முக்கியம். திரும்பச் சொல்கிறேன், படுக்கும் உயரம். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டதால் வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மூன்று வருடம் கழித்து மறுபடி போனேன். மனாங்கில் மூன்று இரவு. அந்தப் பிற்பகல் உரையை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கணவாயை நெருங்கும்போது ஓர் அடிக்கு ஒரு மூச்சு, சில இடங்களில் இரண்டு. இளைஞர்கள் என்னை முந்திப் போனார்கள். உச்சியில் பிரார்த்தனைக் கொடிகளுக்கு அருகில் கால்மணி நேரம் நின்றிருப்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் குளிர் விடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள். வானிலை பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்துத் தொராங் லாவில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்காள விரிகுடாவில் புயல் என்று செய்தி வந்தால் மலையில் இருப்பவர்களும் கேட்க வேண்டும்.

முழங்காலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். உச்சியிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம். ஊன்றுகோல் ஒன்றல்ல, இரண்டு கொண்டுபோங்கள். வணக்கம்.